தேநீரில் இழுத்த கோடு: ‘கொழும்பு–திருகோணமலை மதில்’ கதை ஏன் இன்னும் சாகவில்லை

2019 நவம்பர் முற்பகுதியில், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத ஒரு மாலையில், திருகோணமலை பேருந்து நிலையத்துக்குக் கிட்டவுள்ள தேநீர்க் கடையொன்றின் உரிமையாளர் எனக்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். தாளும் பேனையும் அவருக்குத் தேவைப்படவில்லை. தகரம் அடித்த மேசையின் மேல் இரண்டு கைகளாலும் மாங்காய் போல இலங்கையை வளைத்துக் காட்டிவிட்டு, குவளையில் மிஞ்சிய தேநீரில் சுட்டுவிரலைத் தோய்த்து, தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு ஒரு கோடு இழுத்தார். “இதால மதில் வரப்போகுது, சேர். கறன்ட் வேலி. இந்தப் பக்கத்தால அந்தப் பக்கம் போறதெண்டா விசா எடுக்கவேணும். அமெரிக்காக்காரன் காசு குடுத்து முடிஞ்சுது.”

அவரை ஏமாளி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்தே தவணை சொல்லக்கூடியவர். காலையில் இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளை இரங்கல் அறிவித்தல் உட்பட வரி விடாமல் வாசிப்பவர். அப்படிப்பட்டவர் கொழும்பிலிருந்து திருகோணமலைவரை நீளும் மதிலை எப்படி நம்பினார் என்பது எனக்குப் பெரிய புதிராக இருக்கவில்லை. அதற்கு எதிரான பத்திரம் கையில் வைக்கப்பட்ட பின்னரும், கதைக்குக் காரணமான அமெரிக்க உதவித் திட்டமே கைவிடப்பட்ட பின்னரும் எப்படி நம்பிக்கொண்டிருந்தார் என்பதுதான் என்னை உறுத்தியது. நான் இந்த ஊரில் உயர்தர மாணவர்களுக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் கற்பிக்கிறவன். வதந்தியை ‘அறியாமை’ என்ற ஒரே சொல்லில் விளக்கும் பாடக்குறிப்பை ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்தவன். இந்த மதில் கதையை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு அந்தக் குறிப்பை நான் கொடுப்பதில்லை. நான் கண்ட அளவில், மறுப்புச் சான்று தாக்குவது கதையின் உள்ளடக்கத்தை. கதை ஊன்றி நிற்பதோ சான்றைக் கொண்டுவருகிறவரின் பழைய கணக்கின் மேல். அடி ஓரிடத்தில் விழ, வேர் இன்னோரிடத்தில் கிடக்கிறது.

பத்திரத்தில் இருந்தது

கதையின் மூலம் எம்.சி.சி. என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட உடன்படிக்கை. மிலேனியம் சவால் கூட்டுத்தாபனம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் 2004இல் உருவாக்கிய உதவி நிறுவனம். நிபந்தனைகளை நிறைவேற்றும் வறிய நாடுகளுக்கும் கீழ்நடுத்தர வருமான நாடுகளுக்கும் அது அக்காலத்தில் கடனாக அல்லாமல் நன்கொடையாகப் பணம் கொடுத்துவந்தது. இலங்கைக்கு 5 ஆண்டுகளில் 480 மில்லியன் டொலர் கொடுக்க அதன் பணிப்பாளர் சபை 2019 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அதில் 350 மில்லியன் போக்குவரத்துக்கானது: கொழும்பின் வீதிச் சமிக்ஞைகள், பேருந்துச் சேவை, மத்திய பகுதியின் வீதிகள். காணித் திட்டத்துக்கு 67 மில்லியன்: அரச காணிகளை அளந்து வரைபடமாக்குதல், காணி உறுதிப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றுதல், பதிவேடுகளை ஒழுங்கு செய்தல். இந்தக் காணி வேலை நடக்கவிருந்த மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. அமைச்சரவை 2019 ஒக்டோபர் 29ஆம் திகதி இதற்கு இணங்கியது. தேர்தல் நவம்பர் 16. நாட்டையே பாதிக்கும் உடன்படிக்கையொன்றுக்குத் தேர்தலுக்கு 18 நாள் முன்பாக ஒப்புதல் கொடுத்த ஓர் அமைச்சரவை, தன்மேல் சந்தேகம் வந்ததைக் கண்டு வியப்படைய உரிமையற்றது என்பது என் கருத்து.

உடன்படிக்கையின் வாசகம் வெளியிடப்பட்டது. அதில் மதில் இல்லை, மின்வேலி இல்லை, விசா இல்லை. காணி எதுவும் அமெரிக்காவுக்குக் கைமாறுவதாகவும் இல்லை. திருகோணமலைக்கு வீதிகூட இல்லை என்பதைச் சற்று ஆதங்கத்தோடுதான் சொல்லவேண்டும்.

அப்படியானால் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? அது வானத்திலிருந்து விழவில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ‘கொழும்பு–திருகோணமலைப் பொருளாதார வழித்தடம்’ என்ற பெயரில் ஓர் ஆய்வுத் திட்டம் தனியாக இருந்தது. வீதியோரமாகத் தொழிற்பேட்டைகளையும் நகரங்களையும் வளர்ப்பது பற்றிய அந்தக் கோடு அரச திட்டமிடல் ஆவணங்களிலும் தலைகாட்டியது. எம்.சி.சி.க்கும் அதற்கும் பெயரளவிலும் தொடர்பில்லை. மூன்றாவதாக இராணுவ உடன்படிக்கைகள் இருந்தன. அமெரிக்கப் படைகளுக்கு எரிபொருளும் உணவும் பரிமாற வகைசெய்யும் உடன்படிக்கை 2007இல் கைச்சாத்தாகி 2017இல் புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்கப் படையினரின் சட்ட நிலைமை பற்றிய இன்னொரு வரைவு 2019இல் வெளியே கசிந்தது. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘ஆங்கரேஜ்’ என்ற பெரிய கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்து நின்றதை நானும் மாணவர்களும் கடற்கரையிலிருந்து பார்த்தோம். அமெரிக்கப் பணம், கொழும்பு–திருகோணமலைக் கோடு, அமெரிக்கக் கப்பல் என்ற மூன்று நூலும் மெய்யானவை. அவற்றை ஒன்றாகப் போட்ட முடிச்சு மட்டும் பொய். நூல்களைத் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தவருக்கு முடிச்சும் மெய்யாகத்தான் தோன்றும்.

மொழியும் தன் பங்கைச் செய்தது. உடன்படிக்கை எழுதப்பட்டது ஆங்கிலத்தில்; விவாதம் நடந்தது பெரும்பாலும் சிங்களத்தில்; எங்களுக்கு வந்து சேர்ந்தது வாட்ஸ்அப் குரல்பதிவாக. வழித்தடத்தைக் குறிக்கும் ‘கொறிடோர்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்களில் சிலர் ‘தாழ்வாரம்’ என்று பெயர்த்தார்கள். தாழ்வாரம் என்றால் எங்களுக்கு வீட்டோடு ஒட்டிய இடம். அதற்கு ஒரு பக்கமாவது சுவர் இருந்தே ஆகும். மதிலின் முதற் கல்லை அந்த மொழிபெயர்ப்பாளர்களே வைத்தார்களோ என்று நான் வகுப்பில் பாதி பகிடியாகச் சொல்வதுண்டு.

ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம்

தெற்கில் பேசப்பட்ட கதையில், மதில் நாட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கும். அமெரிக்கா அதன் மறைவில் பிரிவினைக்கு வழி திறக்கும். கொழும்பில் பிக்கு ஒருவர் இதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். அதே கதை எங்கள் ஊரில் தமிழுக்கு வந்தபோது கோடு மாறவில்லை, நோக்கம் தலைகீழாகிவிட்டது. வடக்கையும் கிழக்கையும் தொடுக்கும் நிலத்தை நடுவில் அறுப்பதற்காகவே கோடு எங்கள் ஊரில் வந்து முடிகிறது, அதன் இருபுறமும் புதிய குடியேற்றங்கள் வரும் என்று சொன்னார்கள். பிரிவினைக்கு உதவும் மதிலென்று அங்கே அஞ்சியதை, பிரிவினையை என்றைக்குமாக முடித்துவைக்கும் மதிலென்று இங்கே அஞ்சினார்கள்.

ஒன்றுக்கொன்று முரணான சதிக் கதைகளை ஒரே மனிதர் நம்புவார் என்பது உளவியலில் பெரிதும் பேசப்பட்ட முடிவு. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் வுட், கரன் டக்ளஸ், ரொபி சட்டன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்ற கதைக்கு இணங்கியவர்கள் அவர் இறந்ததுபோல நடித்தார் என்பதற்கும் கூடுதலாக இணங்கினார்கள் என்றது. இந்த முடிவைப் பல ஆண்டுகள் நானும் கரும்பலகையில் எழுதினேன். 2023இல் யான்-வில்லெம் வான் புரோயென் முதலானோர் அதை மறுபடி சோதித்து, அந்தத் தொடர்பு பெரும்பாலும் இரண்டு கதைகளையும் நம்பாதவர்களால் உண்டானது என்று காட்டினர். இரண்டையும் ஒருசேர மறுப்பவர்கள் பலர் இருந்தால் புள்ளிவிபரத்தில் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதுபோலத் தெரியும். நான் ஊரில் கண்டதும் இதற்குத்தான் பொருந்துகிறது. இரண்டு மதிலையும் நம்பிய ஒருவரை நான் சந்திக்கவேயில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பயத்துக்கு அளவான மதிலை மட்டுமே நம்பினார்கள்.

அந்தப் பயத்துக்கு ஊரில் ஆதாரம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கந்தளாய், அல்லை நீர்ப்பாசனத் திட்டங்களோடு வந்த குடியேற்றங்கள் இந்த மாவட்டத்தின் முகத்தை மாற்றியவை. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். திரும்பிப் போகக் காத்திருந்த காலத்தில் அவர்களுடைய நிலம் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாகவும் பிறகு கைத்தொழில் வலயமாகவும் காகிதத்தில் மாறியது. 2015இல்தான் அதில் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள்களைப் பாதுகாக்கவென்று ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. வர்த்தமானி அறிவித்தலில் நிலம் போனதைக் கண்டவரிடம் வந்து “இந்தப் பத்திரத்தில் நிலம் பற்றி ஒன்றுமில்லை” என்றால், அவர் பத்திரத்தைப் பார்க்க மாட்டார். நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

மூன்று கேள்விகள்

தேர்தல் முடிந்து சில வாரங்களில் நான் ஒரு சோதனை செய்தேன். சோதனை என்ற சொல் கொஞ்சம் பெரிது. வாத்தியார் புத்தி என்று சொன்னாலும் பொருந்தும். உடன்படிக்கை வரைவிலிருந்து போக்குவரத்து, காணி ஆகிய பகுதிகளை அச்செடுத்துக் கடைக்குக் கொண்டுபோய், மத்தியானச் சாப்பாட்டு நெரிசல் அடங்கிய நேரம் பார்த்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் தாள்களில் எண்ணெய் படாமல் இருக்கக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் புரட்டினார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

“இதை எழுதினது ஆர், சேர்?” அமெரிக்காவும் இலங்கை அரசாங்கமும் என்றேன். “நீங்கள் முழுதும் வாசிச்சனீங்களோ?” நான் முழுவதும் வாசித்திருக்கவில்லை, இணைப்புகளை மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தேன். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. “அப்ப இதைத் தவிர வேற பேப்பர் இல்லையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

இந்த மூன்றாவது கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. உள்ள பத்திரத்தைக் காட்டலாம்; இல்லாத பத்திரத்தை எப்படிக் காட்டுவது? சதிக் கதைக்கு எதிரான சான்று தோற்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான். ஆயினும் அவருடைய முதலிரு கேள்விகளும் எந்த நல்ல நீதிமன்றமும் கேட்கும் கேள்விகள் என்பதை நான் மறைக்கக் கூடாது. சாட்சி யாருடைய ஆள், சாட்சி தான் சொல்வதை நேரில் கண்டதா என்று அவர் கேட்டார். நியாயமான இரண்டு கேள்விகளின் தோளில் ஏறித்தான் அந்த மூன்றாவது வந்தது.

அதன் பின் நடந்தவை சுருக்கமானவை. புதிய அரசாங்கம் உடன்படிக்கையை ஆராயப் பேராசிரியர் லலிதசிறி குணருவான் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 2020 ஜூனில் கையளிக்கப்பட்ட அதன் அறிக்கை, உடன்படிக்கை நாட்டின் இறைமைக்குப் பாதகமானது என்றது. முன்னரே 10 மில்லியன் டொலர் பெறப்பட்டுவிட்டதாகவும் கூற, அமெரிக்கத் தூதரகம் அதை மறுத்தது. 2020 டிசம்பர் 15ஆம் திகதி எம்.சி.சி. பணிப்பாளர் சபை, இலங்கை ஈடுபாடு காட்டவில்லை என்று கூறித் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. இத்துடன் மதில் கதையும் செத்திருக்க வேண்டும். நம்பிக்கையும் நடப்பும் மோதினால் மனம் அந்த நெருடலைக் குறைக்க ஒரு விளக்கம் தேடும் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் முன்வைத்த அறிவாற்றல் முரண்பாட்டுக் கொள்கையைப் படித்தவர்கள் அடுத்த வரியை ஊகித்துவிடுவார்கள்: வராத மதிலே மதிலுக்குச் சான்றாகிவிட்டது. மக்கள் எழும்பியதால்தான் அமெரிக்கா பின்வாங்கியது, இல்லாவிட்டால் கம்பி நட்டிருப்பார்கள் என்றார்கள். மதில் வந்திருந்தால் கதை உண்மை. வராவிட்டால் எதிர்ப்பு வெற்றி. தோற்க வழியே இல்லாத கதை இது.

மெய்யாகிப்போன வதந்திகள்

திருகோணமலையில் இருந்துகொண்டு சதிக் கதைகளை எள்ளி நகையாடுவது எளிதல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று பாதுகாப்புத் தரப்பு முதலில் சொன்னது. சுடப்பட்ட காயங்களைப் புகைப்படங்கள் காட்டின. பிரேத பரிசோதனையும் அதையே சொன்னது. அந்தப் படங்களை எடுத்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் நிறுத்தப்பட்டிருந்த 13 பாதுகாப்புத் தரப்பினரும் போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். மதில் கதை ஊருக்குள் வந்தது அதற்கு நான்கு மாதங்களின் பின். ‘சான்று இல்லை’ என்ற சொற்றொடர் இந்த ஊர்க் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை அறிய அந்தத் திகதிகளை அருகருகே வைத்தாலே போதும்.

இன்னொன்று கடற்படைத் தளத்துக்குள் நடந்தது. 2008–2009 காலத்தில் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தோண்டியபோது, ‘கன் சைட்’ என்று அழைக்கப்பட்ட ஓரிடத்தின் பெயர் வெளியே வந்தது. தளத்துக்குள் இரகசியத் தடுப்பிடம் இருக்கிறது என்பதைப் பல காலம் ஊரில் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அதைச் சத்தமாகச் சொன்னவரை விசரன் என்றார்கள், அல்லது புலி என்றார்கள். பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழு 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்து, திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் இரகசியத் தடுப்பிடத்தை நேரில் பார்த்ததாக அறிவித்தது. கடைக்காரருக்கு இது ஒரு செய்தி மட்டுமல்ல; உறவுக்காரப் பெடியன் ஒருவன் 2008இல் கொழும்பில் காணாமற்போன குடும்பம் அவருடையது. பெயரையோ வேறு விபரத்தையோ நான் எழுதவில்லை.

இப்படி ஒரு வதந்தி மெய்யாகிவிட்டால், அதன் நற்பெயரில் பத்துப் பொய்கள் கடன் வாங்கிக்கொள்கின்றன. மதிலை நம்பாதே என்று சொல்கிறவரிடம் “கன் சைட்டும் இல்லையெண்டுதானே சொன்னவை” என்று ஒரு வசனம் போதும். விவாதம் அங்கேயே படுத்துவிடும்.

ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது என்பதை நான் வகுப்பில் விடாமல் சொல்கிறேன். கன் சைட் கதை காலம் போகப் போகச் சுருங்கியது. எங்கோ ஓரிடத்தில் அடைக்கிறார்கள் என்று தொடங்கி, கடற்படைத் தளம் என்றாகி, தளத்துக்குள் பெயருள்ள ஒரு மூலையாகி, 11 பேரின் பட்டியலாகி, குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் பெயர்களோடு நீதிமன்றத்துக்குப் போனது. மதில் கதையோ ஒவ்வொரு கேள்விக்கும் பருத்தது. முதலில் வீதி, பிறகு மதில், பிறகு மின்வேலி, பிறகு விசா. வாசகத்தில் இல்லையென்றதும் இரகசிய இணைப்பு வந்தது. இணைப்பு எங்கே என்றதும் பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் சதிக்குள் இழுக்கப்பட்டன. கடைசியில், பத்திரத்தை மொழிபெயர்த்துச் சொன்ன நானும் உள்ளே வந்துவிட்டேன்: “சேருக்கும் எம்பசியில ஆக்கள் இருக்கினம் போல” என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். (எனக்கு எம்பசியில் ஆள் இருந்திருந்தால் ஓட்டுக்கூரை ஒழுக்கை எப்போதோ திருத்தியிருப்பேன்.) மெய்யியலாளர் பிரையன் கீலி 1999இல் எழுதியதும் ஏறக்குறைய இதுவே: நிரூபணமில்லாத சதிக் கதை உயிரோடிருக்க ஆண்டுதோறும் மேலும் மேலும் நிறுவனங்களைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும், ஒரு கட்டத்தில் சந்தேகிக்காமல் விட எதுவுமே மிஞ்சாது. மிஞ்சாத நிலையில் கன் சைட்டைக் கண்டுபிடித்த புலனாய்வாளரையும் நம்ப முடியாமல் போகும் என்பது எங்கள் ஊருக்குரிய கூடுதல் இழப்பு.

திருத்தத்தின் எல்லை

திருத்தினால் பிடிவாதம் கூடும் என்ற கருத்து இப்போது பழமொழிபோலப் பரவிவிட்டது. பிரெண்டன் நைஹனும் ஜேசன் ரைஃப்லரும் 2010இல் வெளியிட்ட ஆய்வே அதன் தொடக்கம். ஆனால் தொமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 விடயங்களில், 10,000க்கும் அதிகமானவர்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த எதிர்விளைவு அநேகமாகத் தென்படுவதேயில்லை. திருத்தத்தைக் கேட்டவர்கள் தகவலைத் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் தகவல் மாறினாலும் யாரை ஆதரிப்பது, யாரை வெறுப்பது என்பது மாறுவதில்லை என்பதை நைஹனும் பிறரும் டொனால்ட் டிரம்பின் ஆதரவாளர்களிடம் கண்டார்கள். கடையில் நான் கண்டதும் இதுவே. வாசகத்தில் மதில் இல்லை என்பதைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். அடுத்த நாள் வேறொருவருக்கு அதைச் சொல்லவும் செய்தார். அமெரிக்கா காணிக்குத்தான் வந்தது என்பதில் அவர் அசையவில்லை.

2024இல் தொமஸ் கொஸ்டெல்லோ, கோர்டன் பெனிகுக், டேவிட் ரான்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு எனக்குக் கொஞ்சம் வெட்கத்தைத் தந்தது. சதிக் கதையை நம்பும் அமெரிக்கர்களைச் செயற்கை நுண்ணறிவு உரையாடியோடு மூன்று சுற்றுப் பேசவிட்டார்கள். நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் குறைந்தபடியே இருந்தது. அந்த இயந்திரம் பொதுவான மறுப்பு அறிக்கை எதையும் ஒப்புவிக்கவில்லை. ஒவ்வொருவரும் தாம் நம்புவதற்கு என்ன காரணம் சொன்னார்களோ, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொன்னது. நான் கடைக்காரரிடம் அவருடைய காரணம் என்னவென்று கேட்கவேயில்லை. எம்.சி.சி. பற்றிப் பேசினேன், அவருடைய காரணம் சம்பூரிலும் கன் சைட்டிலும் இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்பது பெரிய வெற்றியா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். மிச்சம் நான்கு பங்கு அப்படியே இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள்.

2022 மே

இரண்டரை ஆண்டுகளின் பின் அதே மேசையில் இன்னொரு கதை வந்து உட்கார்ந்தது. பொருளாதார நெருக்கடியால் கொழும்பில் திரண்டிருந்த ஆர்ப்பாட்டக்காரர்கள் மே 9ஆம் திகதி தாக்கப்பட்டதைத் தொடர்ந்து பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். 10ஆம் திகதி விடியற்காலையில் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையிலிருந்து படையினர் அவரை வெளியே கொண்டுபோனார்கள். அன்று பகலே எங்கள் ஊரில் மூன்று கதைகள் ஓடின: அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறார், அங்கிருந்து குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பிவிட்டார், இந்தியப் படை வந்து இறங்கப்போகிறது. தளத்துக்கு வெளியே சனம் கூடியது. இந்திய உயர்ஸ்தானிகராலயம் அன்றே, இலங்கை அரசியல்வாதிகள் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றார்கள் என்பது அப்பட்டமான பொய் என்றது. மறுநாள் படை அனுப்பும் கதையையும் மறுத்தது. அதே 11ஆம் திகதி பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன, மஹிந்த ராஜபக்ஷ பாதுகாப்புக்காகத் திருகோணமலைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதை உறுதிப்படுத்தினார். மூன்றில் ஒன்று மெய், இரண்டு பொய். மெய்யான ஒன்று 24 மணித்தியாலம் வதந்தியாகவே அலைந்து, பிறகுதான் அதிகாரபூர்வமானது. அந்த 24 மணித்தியாலத்தில் மற்ற இரண்டும் அதனுடைய தோளில் கைபோட்டு ஊரெல்லாம் நடந்துவிட்டன. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் தளத்தின் வாசலில் கூட்டம் இன்னும் பெருத்திருக்கும் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். அது நியாயமான கவலைதான். ஆனால் அந்த மௌனத்துக்கான விலையை அடுத்த தடவை உண்மை சொல்ல வருகிறவர் கட்டுவார்.

இந்தப் பழக்கம் தெருவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அந்த ஆண்டு ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேறிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, 2024 மார்ச்சில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, தம்மைப் பதவியிலிருந்து அகற்றியது ஒரு சதி என்றார். பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் கிடந்தவர்கள் அதற்குச் சொன்ன விளக்கம் இன்னும் சாதாரணமானது. இந்தியாவும் இதற்கு விதிவிலக்கல்ல: திருகோணமலையின் சீனக்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகள் வழியாக அமெரிக்கா உள்ளே நுழைந்துவிடும் என்ற ஐயம் 1980களில் டெல்லியில் இருந்தது, 1987 ஜூலை 29 உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் அந்தத் தாங்கிகளும் பெயர் சொல்லி இடம்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் துறைமுகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது கடைக்காரர் கண்டுபிடித்த தொழிலல்ல.

மே 18ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்துக்கு வந்தார். மறுநாள் கடைக்குப் போனேன். எரிவாயு இல்லாமல் பின்முற்றத்தில் விறகடுப்பு மூட்டியிருந்தார்கள். கடை முழுக்கப் புகை. தேநீருக்குச் சீனி அரைக்கரண்டிதான். தொலைக்காட்சியில் முந்திய நாள் சபைக் காட்சியைத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவுக்குப் போனவர் எப்படிச் சபையில் இருக்கிறார் என்று கேட்டேன். “போய் வந்திருப்பார்,” என்றார் மேசையில் இருந்த இன்னொருவர். கடைக்காரர் அதை ஏற்கவில்லை. “இல்லையண்ணை, அது சும்மா கதை. ஆனா நேவி காம்பில இருந்தவர். அதை நாங்கள் முதல் நாளே சொன்னனாங்கள்,” என்றார். அவர் ஒரு கதையைத் தானாகவே கழித்துவிட்டதைப் பார்த்து எனக்கு உற்சாகம் வந்தது. அந்த உற்சாகத்தில் மதிலையும் கேட்டேன்.

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மேசையைத் துடைத்தார்.

“அது வரேல்லத்தானே, சேர்.” துடைத்து முடித்து, துணியை உதறித் தோளில் போட்டார். “வரவிடேல்ல.”